பதினேழரைச் சுற்று

வண்டிக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க நான் எடுத்தவுடனே அடியில் போய்ப் படுத்துவிட மாட்டேன். ஓட்டி வந்தவரை உட்கார வைத்து, ஒரு டீயைக் கையில் கொடுத்து, பேச விடுவேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பட்டறை எதிலும் நின்று தொழில் பழகியவனும் இல்லை. ஓட்டுகிறவர்கள் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

ஸ்டீரிங் விஷயத்தில் மட்டும் ஜனங்கள் சொல்கிற மாதிரி எந்தப் புத்தகமும் சொல்லாது. நெல்லிக்குப்பத்துக் கரும்புக்காரர் ஒருவர், "கைக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லப்பா" என்றார். குறிஞ்சிப்பாடி வாத்தியார், "ரெண்டு விரக்கடை திருப்புற வரைக்கும் தூங்குது. அப்புறம் திடீர்னு முழிச்சிக்கிது" என்றார். திருப்பாதிரிப்புலியூர் ஜவுளிக்கடைக்காரர் தன் வண்டியை விட்டுக்கொடுக்கவே மாட்டார். "வண்டி நேராத்தான் போவுது, நான்தான் கோணலா புடிக்கிறேன் போலக்கிது" என்று தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டார். மூன்று பேரும் சொன்னது ஒரே சாமானைத்தான்.

ஸ்டீரிங்கை நாம் திருப்பினால் சக்கரம் தானாகத் திரும்பிவிடுவதில்லை. நடுவில் கம்பிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு கிண்ணம், அந்தக் கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு. நம் தோள்பட்டை மூட்டு மாதிரிதான். குண்டு வழுக்கிக்கொண்டு ஆட உள்ளே கிரீஸ் இருக்கும். தூசி போகாமல் மேலே ஒரு ரப்பர் தொப்பி இருக்கும். அந்தத் தொப்பி கிழிந்தால் மண் உள்ளே போகும், குண்டும் கிண்ணமும் ஒன்றையொன்று தின்னும், ஒரு நாள் குண்டு வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் சக்கரம் யார் பேச்சையும் கேட்காது. சின்னக் கார் என்றாலே ஆபத்து. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகிற, ஆளுயரம் நிற்கிற பெரிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தப் பெரிய வண்டிகள் எங்கள் பக்கம் ஜாஸ்தியானது சுனாமிக்குப் பிறகுதான். நிவாரண வேலைக்கென்று வந்த வண்டிகள் இரண்டு வருஷம் கடற்கரை மணலிலும் உப்புத் தண்ணீரிலும் ஓடின. வேலை முடிந்து, வந்தவர்கள் ஊருக்குக் கிளம்பியபோது வண்டிகளை இங்கேயே விற்றுவிட்டார்கள். அப்படி ஒன்றை வாங்கியவர் எங்கள் பாய். கடலூர் முதுநகரில் வீடு, பூர்வீகம் பரங்கிப்பேட்டை. அந்த வண்டியையே இரண்டு வருஷம் சம்பளத்துக்கு ஓட்டியவர், விலைக்கு வந்ததும் வேறு யார் கையிலும் போகவிடாமல் தானே வாங்கி, வாடகைக்கு ஓட்டினார். என்னை அவர் மச்சான் என்பார். நான் பாய் என்பேன். முதுநகர் தாண்டி சிதம்பரம் சாலையில் நான் வாட்டர் சர்வீஸும், ஸ்டீரிங், சக்கரம் என்று முன்பக்க வேலையும் சேர்த்து ஒரு கடை போட்டிருந்தேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒவ்வொரு வியாழக்கிழமை சாயங்காலமும் பாய் வந்துவிடுவார். வெள்ளிக்கிழமைக்கு வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் அவருக்கு.

எங்கள் ஊரில் வாட்டர் சர்வீஸ் என்றால் கழுவுவதோடு முடியாது. கழுவிக் காய்ந்ததும், பழைய எஞ்சின் ஆயிலோடு டீசலைக் கலந்து, அடிப்பக்கம் முழுக்கக் காற்றுத் துப்பாக்கியில் அடிப்போம். உப்புக்காற்றுக்குத் துரு பிடிக்காது, அடியில் கன்னங்கரேலென்று புது வண்டி மாதிரி மின்னும். மற்ற கடைகளில் பேருக்கு நாலு வீச்சு. நான் அப்படி இல்லை. பாசத்தோடு அடிப்பேன். ஒவ்வொரு மூட்டாகத் தேடித் தேடி, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி நனைய நனைய அடிப்பேன். "மச்சான் கையால ஆயில் குடிச்சா என் வண்டிக்கு ஒரு வாரம் பசிக்காது" என்பார் பாய். அந்தச் சொல்லுக்காகவே அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் சேர்த்து அடிப்பேன்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. மாதம் தவறாமல் என்னிடம் ஆயில் அடிக்கிற டாக்டர் ஒருவர், தன் பெரிய வண்டியில் போகிற வழியில் காற்றுப் பிடிக்க வந்தார். பிடித்துவிட்டு, ரோட்டுக்கு ஏற ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்தார். 'டப்' என்று ஒரு சத்தம். பார்த்தால் இடது சக்கரம் நேராக நிற்கிறது, வலது சக்கரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்க்கிறது. வண்டி நகரக்கூட இல்லை. டாக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. "என்னாப்பா இது, முடக்குவாதமா?" என்று கேட்டுவிட்டு ஆட்டோவில் போய்விட்டார்.

நான் அடியில் படுத்துப் பார்த்தேன். குண்டு வெளியே தொங்கியது. அது எனக்குப் புதிதில்லை. ரப்பர் தொப்பிதான் புதிது. பழைய ரப்பர் காய்ந்து, வெடித்து, ஓலை மாதிரி இருக்க வேண்டும். இது உப்பி, பிசுபிசுத்து, அல்வா மாதிரி விரலோடு வந்தது. கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். என் மனைவி டீயோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"குக்கர் ரப்பரா?"

"இது வண்டியோடது."

"வண்டிக்கும் எண்ணெய் பட்டுதா? குக்கர் ரப்பர்ல எண்ணெய் பட்டுட்டா இப்படித்தான் தொளதொளன்னு உப்பிக்கும். அப்புறம் மூடியில நிக்கவே நிக்காது. மூணு ரப்பரு இப்படித்தான் போச்சு, நீங்க எங்க அதையெல்லாம் பாத்தீங்க?"

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். இரண்டு வருஷமாக ரப்பருக்கு எண்ணெய் ஊட்டியது நான். துரு பிடிக்காமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து மூட்டைத் திறந்துவிட்டிருக்கிறேன். மாதம் ஒரு தரம் அடித்த டாக்டர் வண்டிக்கே இந்தக் கதி என்றால், வாரம் தவறாமல் அடித்த பாய் வண்டி?

உடனே போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது பாய் போனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவார். அதற்காகவே நான் அவரைப் பத்துப் பேரிடம் புகழ்ந்திருக்கிறேன். டூவீலரை எடுத்துக்கொண்டு முதுநகரில் அவர் வீட்டுக்குப் போனால் பூட்டு. பக்கத்து வீட்டம்மா சொன்னார்கள்:

"எல்லாரும் சிதம்பரம் போயிட்டாங்கப்பா. பொண்ண காலேஜ்ல சேக்க இன்னிக்கி வரச்சொல்லி லெட்டர் வந்துதாம், பதினோரு மணிக்கு. போற வழியில பரங்கிப்பேட்டைல அவுரு அக்கா வூட்ல நாஷ்டா, அவுங்களையும் ஏத்திக்கணுமாம். வண்டி ரொம்பி போச்சு, எனக்குத்தான் எடமில்ல."

அந்த வீட்டில் காலேஜ் வாசல் மிதிக்கப்போகிற முதல் ஆள் அந்தப் பெண். அந்தச் சந்தோஷத்தில் எட்டுப் பேர். அத்தனை பேரும் நான் எண்ணெய் ஊட்டிய மூட்டின் மேல் போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைக்கு ஓடி வந்து, புது மூட்டுச் சாமான் இரண்டு, ஜாக்கி, சுத்தியல், ஸ்பேனர் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, டூவீலரில் வைத்தேன். மனைவியிடம் சொன்னேன்: "இந்த மாதிரி பெரிய வண்டி இன்னும் பன்னெண்டு இருக்குது. நம்பரெல்லாம் செவுத்துல எழுதியிருக்கேன். ஒவ்வொருத்தருக்கா போன் போடு. சும்மா செக்கப், வந்துட்டுப் போங்கன்னு சொல்லு."

"செக்கப்புன்னு சொன்னா நாளைக்கி வர்றேன்னுவாங்க. எங்க மேல தப்பு, வண்டிய எடுக்காதீங்கன்னு சொன்னாத்தான் இன்னிக்கே நிறுத்துவாங்க."

"கடை பேரு கெட்டுப்போவாதா?"

"பேரு எங்க போவும், போர்டுலதான இருக்குது. நீங்க கெளம்புங்க."

கிளம்பினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஒவ்வொரு ஊராகக் கடக்கக் கடக்க, கண் ரோட்டில் இல்லை, ரோட்டோரப் பள்ளத்தில் இருந்தது. எங்கேயாவது கூட்டம் நின்றால் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் கூட்டம் பலாப்பழத்துக்கு நின்றது. பலாப்பழத்தைப் பார்த்து அன்றைக்கு நான் சந்தோஷப்பட்ட மாதிரி வாழ்நாளில் பட்டதில்லை. பி.முட்லூரில் இடது பக்கம் திரும்பி பரங்கிப்பேட்டைக்குள் நுழைந்தபோது, அக்கா வீட்டுத் தெருவில் வண்டி முழுசாக நின்றது. அந்தத் தெரு அகலத்துக்குப் பாதியை அதுவே அடைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஏறிவிட்டார்கள். பாய் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் டூவீலரைக் கொண்டுபோய் வண்டிக்குக் குறுக்கே நிறுத்தினேன்.

"மச்சான்! எங்கள வழியனுப்பவா இவ்ளோ தூரம் வந்த?" என்று சிரித்தார்.

"பாய், வண்டிய எடுக்காதீங்க. எல்லாரையும் எறக்குங்க."

"என்னா வெளையாட்டு இது? பதினோரு மணிக்கு அங்க இருக்கணும்."

"ஸ்டீரிங் மூட்டு போயிருக்கும் பாய்."

"போயிருக்குமா, போயிருக்குதா? வியாழக்கெழம நீயே அடியில படுத்து பாத்துட்டு, அரபிக் குதிரை மாதிரி இருக்குதுன்னு சொல்லி அனுப்புன."

"சொன்னேன். தப்பா சொன்னேன். நான் அடிச்ச ஆயில்தான் ரப்பரைத் தின்னுடுச்சி. என் தப்பு பாய்."

வண்டிக்குள்ளிருந்து பாயின் அக்கா தலையை நீட்டினார்கள். ஐம்பது வயசு, மீன் ஏலத்தில்கூடக் கேட்கிற குரல்.

"யாருடா தம்பி இந்த ஆளு? நல்ல காரியத்துக்குப் போறப்ப வந்து வண்டிக்குக் குறுக்க வண்டிய உடுறாரு?"

"ஆயில் அடிக்கிற மச்சான் லாத்தா."

"ஆயில் அடிக்கிறவரா? எங்க தம்பி, பொண்டாட்டிய பத்திக்கூட அவ்ளோ பேசினதில்ல, உங்க ஆயில பத்தித்தான் பேசுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் டூவீலரை நகர்த்தவில்லை. "அம்மா, எல்லாரும் ரெண்டு நிமிஷம் எறங்கி நில்லுங்க. பாய், நீங்க மட்டும் உள்ள உக்காந்து ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிங்க, மறுபக்கம் முழுக்க ஒடிங்க. அஞ்சு தடவ. ஒண்ணும் ஆவலைன்னா, நான் இந்த டூவீலரை இங்கயே உட்டுட்டு நடந்து கடலூர் போறேன்."

நிற்கிற வண்டியில் ஸ்டீரிங் ஒடிப்பதுதான் மூட்டுக்குப் பெரிய சோதனை. ஓடும்போது சக்கரம் உருண்டு வழி விடும். நிற்கும்போது அந்தக் கனம் முழுவதும் குண்டின் கழுத்தில் விழும். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் இந்த வண்டியின் மூட்டு இன்றைக்கே போகும் என்பது எனக்கு நிச்சயமில்லை. போகாமல் இருந்து, அவர் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்றுதான் அந்த இரண்டு நிமிஷமும் யோசித்தேன்.

பாய் பிஸ்மில்லாஹ் சொல்லி உட்கார்ந்தார். இடது, வலது. ஒன்று. இடது, வலது. இரண்டு. "ஆச்சா?" என்று அக்கா கேட்டார்கள். மூன்றாவது தடவை வலது பக்கம் ஒடிக்கும்போது 'டப்'. காலையில் கேட்ட அதே சத்தம். முன்சக்கரம் இரண்டும் ஒன்றையொன்று கோபித்துக்கொண்ட மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன.

பாயின் மகள் சக்கரத்தைப் பார்த்தபடி கேட்டாள். "வாப்பா, வெள்ளாத்துப் பாலத்து மேல இது ஆகியிருந்தா?"

பாய் இறங்கினார். சக்கரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அதைக் காலால் தட்டினார். அப்புறம் என்னிடம் வந்து, "டூவீலர்ல பெட்ரோல் இருக்குதா?" என்று கேட்டார்.

"இருக்குது."

"சாவியக் குடு."

மகளைப் பின்னால் உட்கார வைத்து, சர்டிபிகேட் பையை அவள் மடியில் கொடுத்து, சிதம்பரம் பக்கம் போய்விட்டார். என்னைத் திட்டவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. எனக்கு இரண்டில் ஒன்றாவது செய்திருக்கலாமே என்று இருந்தது.

தெருவில் நானும் வண்டியும் ஆறு பெண்களும் மிச்சம். ஜாக்கி போட்டு வேலையை ஆரம்பித்தேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மூட்டைக் கம்பியிலிருந்து மரை கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும். புதுசை அதே சுற்றுக்கு ஏற்றினால்தான் சக்கரம் முன்பு நின்ற கோணத்திலேயே நிற்கும். ஒரு சுற்று பிசகினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கடை என்றால் அளந்து சரிசெய்யலாம். நடுத்தெருவில் எண்ணிக்கைதான் அளவு. நான் எண்ண ஆரம்பித்ததும் அக்கா குனிந்து உட்கார்ந்து சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள்.

"பத்து... பதினொண்ணு... ஏம்மா, அவருக்கு டீ போட்டியா? பன்னெண்டு..."

மூட்டு கழன்று கையோடு வந்தது. நான், "பதினெட்டு" என்றேன்.

"பதினேழரை" என்றார்கள் அக்கா.

"பதினெட்டும்மா. தொழிலே இதுதான் எனக்கு."

"தொழிலு ஆயில் அடிக்கிறதுன்னுல்ல சொன்னாங்க? நீங்க டீ வாங்கத் திரும்புனப்ப அர சுத்து சேத்து எண்ணுனீங்க. நான் ஏலத்துல நிக்கிறவ. எண்ணிக்கைல என்னை யாரும் ஏமாத்துனதில்ல."

அடியில் படுத்தபடியே யோசித்தேன். காலையில் எனக்குத் தெரியாததை எனக்குச் சொன்னது ஒரு குக்கர் ரப்பர். இதையும் கேட்டுக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்? ஆனால் நான் கேட்டுக்கொண்டது, ஏற்கெனவே தப்பு செய்தவன் என்ற பயத்தால் இல்லை. எண்ணும்போது அவர்கள் குரல் ஒரே சீராக வந்தது. என் குரல்தான் டீயில் தடுக்கியது. அது எனக்கே தெரியும். பதினேழரைக்கு ஏற்றி நட்டை இறுக்கினேன். மறு பக்கத்து ரப்பரும் அல்வாதான், குண்டு மட்டும் இன்னும் கெட்டியாக இருந்தது. அதையும் மாற்றினேன். அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கை சொன்னோம்.

ஒரு மணிக்கு மேல் பாயும் மகளும் திரும்பினார்கள். அந்தப் பெண் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, சீட்டு கிடைத்துவிட்டது. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, அழுது முடித்ததும் ஒரே குரலில் சொன்னார்கள்: காலேஜைப் பார்க்காமல் யாரும் வீட்டுக்குத் திரும்புவதாக இல்லை.

பாய் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாவியை என் பக்கம் நீட்டினார்.

"நீ ஓட்டு."

"நானா?"

"என் பொண்டாட்டி, என் புள்ள, என் லாத்தா எல்லாம் உள்ள உக்காரப்போறாங்க. நீ பாத்த வேலை, நீயே ஓட்டு. நான் டூவீலர்ல பின்னாலயே வர்றேன். ரெண்டு சக்கரமும் ஒரே பக்கம் பாக்குதான்னு பாத்துக்கிட்டே வர்றேன்."

அதைத்தான் நான் காலையிலிருந்து எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. திட்டும் அதுதான், தட்டிக்கொடுத்ததும் அதுதான். ஏறி உட்கார்ந்தேன். அக்கா என் பக்கத்து சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நிற்கிற வண்டியில் இடதும் வலதுமாகப் பத்துத் தடவை ஒடித்துக் காட்டினேன். சத்தமில்லை. பிறகு கிளப்பினேன். பி.முட்லூர் வரை மெதுவாக. வெள்ளாற்றுப் பாலம் வந்தது. ஆற்றில் தண்ணீர் கொஞ்சம்தான், மணல்தான் ஜாஸ்தி. கண்ணாடியில் பார்த்தால் பாய் டூவீலரில் தலையைச் சாய்த்து, முதலில் வலது சக்கரம், அப்புறம் இடது சக்கரம் என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலத்தின் நடுவில், ரோடு காலியாக இருந்த ஓரிடத்தில், ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் ஒரு விரல் அளவு தூக்கினேன். வண்டி இந்தப் பக்கமும் இழுக்கவில்லை, அந்தப் பக்கமும் இழுக்கவில்லை. பாலத்தின் கோடு மாதிரியே போனது.

அன்றைக்கு என் மனைவி போன் போட்ட பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் ஊர்ந்து ஊர்ந்து வண்டியைக் கொண்டுவந்தார்கள், அதில் இரண்டைக் கயிறு கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். ஒருவர் மட்டும் வரவேயில்லை. வேறு கடைக்குப் போய் மாற்றிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். மாற்றினாரே, அது போதும். ஆயில் துப்பாக்கியை நான் அதற்கப்புறம் தொடவில்லை. கேட்டு வருபவர்களிடம் அந்த அல்வா ரப்பரை எடுத்துக் காட்டுவேன். "அப்ப அடிப்பக்கம் மின்னாதா?" என்பார்கள். "மின்னாதுங்க, திரும்பும்" என்பேன்.

அன்றைக்குச் சிதம்பரத்தில் காலேஜ் வாசலில் நிறுத்தியதும் பாய் டூவீலரிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, இரண்டு சக்கரத்தையும் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். நிமிர்ந்து என் ஜன்னலில் கை வைத்தார்.

"கோடு போட்ட மாதிரி வந்த, மச்சான்."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து அக்கா முந்திக்கொண்டார்கள்.

"வரும்டா. எண்ணுனது யாரு?"